திறந்த கதவும் வராத பிள்ளைகளும்

(எமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், ஆய்வுக்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)





சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், காரியதரிசியின் அறிக்கையும் தனாதிகாரியின் கணக்கும் ஏற்றுக்கொள்ளப்பட்டு, எல்லோரும் தேநீரை எதிர்பார்த்திருந்த வேளையிலே, பின் வரிசையிலிருந்து ஒரு தங்கை எழுந்து ஒரு வினாவை விடுத்தார். "ஊரிலே இவ்வளவு பிள்ளைகள் இருக்க, எங்கட சங்கத்துக்கு வாறது மட்டும் ஏன் எப்பவும் இதே முகங்கள்?" என்பதே அவ்வினா. அக்கிராசனர் அவர்கள் அதற்கு விடை கூறாது, மூவர் கொண்ட ஒரு குழுவை நியமித்து, ஓராண்டில் விடை காணுமாறு பணித்தார். அக்குழுவினராகிய நாம் இன்று உங்கள் முன் நிற்கிறோம். அறிக்கையாக எழுதித் தந்தால் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவீர்கள் என்ற அச்சத்தினால், பேச்சாகவே சொல்ல அனுமதி கேட்டோம்.

முதலில் அங்கத்தவர் பதிவேட்டை எடுத்துப் புரட்டினோம். பெயர்களைப் பார்க்காமல் விலாசங்களை மட்டும் ஒரு தாளில் எழுதினோம். எழுதி முடிந்தபோது எமக்கே வெட்கமாயிற்று. கோயிலைச் சுற்றியுள்ள நான்கு ஒழுங்கைகளுக்குள்ளே ஏறக்குறைய எல்லா விலாசங்களும் அடங்கிவிட்டன. புகையிரதப் பாதைக்கு அப்பாலிருந்து ஒருவரும் இல்லை. கடற்கரைக் குறிச்சியிலிருந்து ஒருவரும் இல்லை. போரின் பின்னர் வந்து குடியமர்ந்த வீட்டுத்திட்டத்திலிருந்தும் ஒருவரும் இல்லை. சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர்தானும் இல்லை. பெண்பிள்ளைகள் இருந்தார்கள், எனினும் அவர்களிற் பெரும்பாலோர் நிருவாகசபையினரின் சகோதரிகளாகவோ மக்களாகவோ இருந்தனர்.

இதை ஒரு பெரியவரிடம் சொன்னோம். அவர் சங்கத்துக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர். குற்றம் சொல்லத் தகாதவர். அவர் சொன்னார்: "கதவு திறந்துதானே கிடக்குது தம்பி. வாறவை வரட்டும். நாங்கள் ஆரையும் மறிக்கேல்லை." அவர் சொன்னது மெய். எவரையும் எவரும் வாசலில் மறித்ததாக எமக்கும் செய்தி இல்லை. ஆயின் வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு நாம் சென்று கேட்டபோது, மறிக்கப்பட்டதாகவே அவர்கள் பலரும் எண்ணியிருந்தார்கள். இவ்விரண்டு கூற்றும் எவ்வாறு ஒருங்கே உண்மையாகலாம் என்று தேடித் திரிந்ததே எமது ஓராண்டு வேலை.

எமது ஊர்களின் வாசிகசாலைகளை எண்ணிப் பாருங்கள். வெளியூர் நண்பர் ஒருவர் வந்தால், ஒரு மைல் தூரத்துக்குள் மூன்று வாசிகசாலைகளைக் கண்டு, "உங்கள் மக்களுக்குத்தான் வாசிப்பில் எத்துணை ஆர்வம்!" என்று வியப்பார். நாமும் பெருமையோடு தலையசைப்போம். அதே பத்திரிகை, அதே வாங்கு, அதே கரம் பலகை. பின் மூன்று எதற்கு? குறிச்சிக்கு ஒன்று ஏன் கட்டினோம் என்பது பெரியோர்களுக்குத் தெரியும். இளையோருக்குச் சொல்லப்படுவதில்லை. சொல்லாமல் விட்டால் அது மறைந்துபோகும் என்று நல்லெண்ணத்தோடு நினைத்தவர்களும் உளர். அது மறையவில்லை, பெயரை மாத்திரம் மாற்றிக்கொண்டது.

இந்தப் பிணியைத் தீர்க்க முதலிற் புறப்பட்டவர்களும் இளைஞர்களே என்பதைச் சொல்லாமல் விடலாகாது. 1924-இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் தோன்றிப் பின்னர் இளைஞர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் அதன் முன்னணியில் நின்றார்கள். 1927 நவம்பரிலே காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது அவர்களுடைய அழைப்பின் பேரிலேயாகும். சைவரும் கிறித்தவரும் ஒரே மேடையில் அமர்ந்து, தீண்டாமை ஒழியவேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். தீர்மானம் நிறைவேற்றுவது எளிது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருந்து படிக்கவேண்டும் என்ற விதி வந்தபோது என்ன நேர்ந்தது? தம் பிள்ளைகளை மறித்துக்கொண்ட பெற்றோர் உண்டு. தீக்கிரையாக்கப்பட்ட பாடசாலைக் கொட்டில்களும் உண்டு. அதுவரை சில பிள்ளைகள் நிலத்தில் இருந்தும், வகுப்புக்கு வெளியே நின்றும் பாடம் கேட்டார்கள். அவர்களுக்கும் பாடசாலையின் கதவு திறந்தே இருந்தது!

அதன் பின் 1956-இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் எல்லார்க்கும் திறந்தது. 1957-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. கோயில், தேநீர்க்கடை, பாடசாலை முதலிய பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரை மறிப்பது குற்றமாயிற்று. சட்டம் வந்து பதினொரு ஆண்டு கழிந்த பின்னரும், 1968-இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் வாசலில் இருந்து போராட வேண்டியிருந்தது. தேநீர்க்கடைகளில் ஒருசாராருக்குப் பேணியும் மற்றொருசாராருக்குச் சிரட்டையும் போத்தலும் கொடுத்த காலத்தைக் கண்ணாற் கண்டவர்கள் இச்சபையிலும் இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறந்து அதை இளையோருக்குச் சொல்லவேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

இப்போது எமது சங்கத்துக்கு வருவோம். எமது யாப்பில் சாதி என்ற சொல்லே கிடையாது. "சமயப் பற்றுள்ள இளைஞர் எவரும் அங்கத்தவராகலாம்" என்றே எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த வரியில் ஒரு சிறு விதி இருக்கிறது: விண்ணப்பிப்பவரை அங்கத்தவர் இருவர் அறிந்து பிரேரித்து ஆமோதிக்க வேண்டும். எழுதியவர்கள் தீய நோக்கோடு எழுதினார்கள் என்று நாம் சொல்லவில்லை; அக்காலத்துச் சங்கங்களின் யாப்புகளிலெல்லாம் இத்தகைய விதி இருந்தது. ஆயினும் அதன் பயனைப் பாருங்கள். நான்கு ஒழுங்கைக்குள் இருப்பவர்கள், நான்கு ஒழுங்கைக்குள் இருப்பவர்களைத்தான் அறிவார்கள். புகையிரதப் பாதைக்கு அப்பால் உள்ள ஒரு தம்பி எங்கே போய் இரண்டு கையொப்பம் தேடுவான்? எழுபது ஆண்டுகளாக ஒரு வேலி செய்யும் காரியத்தை இந்த ஒரு வரி செய்துவந்திருக்கிறது. வேலியென்றால் கண்ணுக்குத் தெரியும். பொட்டு வைத்துப் புகவும் வழியுண்டு.

கையொப்பம் கிடைத்து உள்ளே வந்தவனுக்கும் ஒரு பரீட்சை உண்டு. வாசிகசாலையில் புதிதாக ஒரு பிள்ளை வந்து அமர்ந்தால், எம்மில் மூத்தவர் ஒருவர் அன்போடு கேட்பார்: "தம்பி ஆற்றை பிள்ளை? எந்தப் பக்கம்?" கேட்பவருக்கு அது குசலம் விசாரிப்பது. கேட்கப்பட்டவனுக்கோ அது வேறு. பாதைக்கு அப்பால் உள்ள வீடொன்றில் ஒரு தாயார் எம்மிடம் சொன்னார்: "என்ரை மகன் ஒருநாள் வந்தவன் ஐயா. அந்தக் கேள்வியோடை திரும்பி வந்திட்டான். பிறகு போகச் சொல்லேல்லை நான்." அந்த மகன் இன்று க.பொ.த. உயர்தரத்திற் கணிதப் பிரிவிற் படிக்கிறான். எமது வாசிகசாலையில் பழைய வினாத்தாள்கள் அடுக்கடுக்காகத் தூசி பிடித்துக் கிடக்கின்றன. அவற்றுக்காக அவன் யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் பஸ் ஏறிப் போகிறான். கேள்வி கேட்ட மூத்தவர் வேறு யாருமல்லர். எமது குழுவில் உள்ள ஒருவரே. அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்லுகிறோம்.

அடுத்து, படிக்கட்டு.

எமது மண்டபத்தின் முன் மூன்று படிகள். சென்ற தைப்பொங்கலுக்கு முன், சக்கர நாற்காலியில் வருவோருக்காகச் சாய்தளம் ஒன்று அமைத்தோம், மாலை கட்டித் திறந்தும் வைத்தோம், படமும் எடுத்தோம். அந்தப் படம் இந்த மலரில் வருவதாக இருந்தது. வேண்டாமென்று பதிப்பாசிரியரைக் கேட்டுக்கொண்டோம். காரணம் இது: படி மூன்றும் சேர்ந்து ஒன்றரை அடி உயரம். நாம் கட்டிய சாய்தளம் ஆறடி நீளம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பதே ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. அதாவது எமக்குப் பதினெட்டு அடி வேண்டும். மூன்றிலொரு பங்கு கட்டிவிட்டு மாலை கட்டினோம்.

இதை எமக்குக் கற்பித்தவர் வீட்டுத்திட்டத்தில் உள்ள ஒரு தம்பி. 2009-இல் போரின் இறுதி மாதங்களிலே, சிறு பிள்ளையாயிருந்தபோது இரு கால்களையும் இழந்தவர். கைத்தொலைபேசி திருத்துவதில் வல்லவர். திறப்பு விழாவுக்கு அவரையும் அழைத்திருந்தோம். அவர் பாதி ஏறியதும் நாற்காலி பின்னே சரிந்தது. இருவர் பிடித்திராவிட்டால் தலை அடிபட்டிருக்கும். நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தோம். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் அதன் பின் வரவில்லை. நாம் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, "ஏறுறதுக்கு நாலு பேர், இறங்கிறதுக்கு நாலு பேர். நடுவிலை எனக்கு மூத்திரம் வந்தால் எத்தனை பேர் அண்ணை?" என்றார். மேடையிற் சொல்லத் தகாத சொல் என்று எம்மைக் கோபிக்கவேண்டாம். அவர் கேட்டபடியே சொன்னோம்.

ஏன் பதினெட்டு அடி கட்டவில்லை? இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் மல்லிகைப் பந்தலும், மண்டபத்துக்கு நிதி உதவியவர்களின் பெயர் பொறித்த கல்லும் இருக்கின்றன. கல்லை அசைப்பது அவமரியாதை என்று ஒரு கருத்து எழுந்தது. மேசன் ஆறடியோடு நிறுத்திக்கொண்டார். நாம் அக்கொடையாளர்களின் குடும்பத்தாரைத் தேடிச் சென்று கேட்டோம். கல்லை மண்டபச் சுவரிற் பதித்தால் மழையிலும் நனையாது என்று அவர்கள் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள். கேட்காமலே அவர்கள் சார்பில் நாமே மறுத்துக்கொண்டிருந்தோம்!

வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்க 1996-ஆம் ஆண்டிலேயே 28-ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. பொதுக் கட்டடங்களில் அவர்கள் தடையின்றிப் புகுவதற்கான ஒழுங்குவிதிகள் 2006-இல் வந்தன. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016-இல் ஏற்றுறுதி செய்தது. 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு எட்டுப்பேருக்கு மேல் ஏதோவொரு வகையில் பார்வை, கேள்வி, நடை முதலியவற்றில் இடர்ப்படுகிறார்கள். முதியோரும் இக்கணக்கில் அடங்குவர். போர் நடந்த மண்ணில் இதை விளக்கவேண்டியதில்லை. 1987-இலேயே யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கிச் செயற்கைக் கால் பொருத்தி மனிதரை நடக்கச் செய்து வருகிறது. அங்கே நடக்கப் பழகியவர் எமது படியில் வந்து நிற்கவேண்டியதாயிற்று.

காது கேளாத தம்பி ஒருவரைப் பற்றியும் ஒரு சொல். அவர் கைதடி நவீல்ட் பாடசாலையிற் படித்தவர். அப்பாடசாலை 1956 முதல் கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டி வருவது யாவரும் அறிந்ததே. அவர் எமது சங்கத்தின் கரம் போட்டிக்கு வந்தார், வென்றார், ஒருவரும் அவரோடு பேசவில்லை, போய்விட்டார். நாம் மீண்டும் அழைத்து, கைத்தொலைபேசியில் எழுதியெழுதி உரையாடினோம். உதட்டசைவைப் பார்த்து ஓரளவு விளங்கிக்கொள்வாராம். எழுதிக் கேட்டார்: "நீங்கள் எல்லோரும் ஏன் பேசும்போது மீசையைத் தடவுகிறீர்கள்? வாய் தெரிவதில்லை." அன்றிலிருந்து எமது குழுவில் மீசை தடவுவது நின்றது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே ஆசிரியராக இருந்து எம்மில் ஐந்தாறு பேருக்குச் சைகை மொழி பழக்குகிறார். மாணாக்கர் மந்தம், ஆசிரியர் பொறுமைசாலி. எமது பேச்சுகள் எழுத்திலும் வரவேண்டும் என்று அவர் கேட்டதனாலேயே இந்த உரையும் முன்கூட்டி எழுதப்பட்டு அவர் கையில் இருக்கிறது. எனவே நாம் நினைத்தபடி கூட்டிக் குறைத்துப் பேசவும் முடியாது.

பெண்பிள்ளைகள் ஏன் குறைவு என்பதற்கு நாம் பல காரணங்களை ஊகித்து வைத்திருந்தோம். பெற்றோர் விடமாட்டார்கள், ஊர் ஏதேனும் சொல்லும், அவர்களுக்குப் பொதுப்பணியில் நாட்டமில்லை என்றெல்லாம். நேரிற் கேட்டபோது வந்த முதல் விடை: மலசலகூடத்துக்குக் கொளுக்கி இல்லை. இரண்டாவது விடை: கணினி வகுப்பு முடிகிற நேரத்துக்கு முன்பே கடைசிப் பஸ் போய்விடுகிறது. கொளுக்கி வாங்கிப் பூட்டியாயிற்று. அதற்கு ஓராண்டு ஆய்வு வேண்டியிருந்ததை எண்ணி வருந்துகிறோம். வகுப்பு நேரம் இன்னும் மாறவில்லை. மாற்றுவதற்கு விரிவுரையாளர் சம்மதம் வேண்டும், கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நேரம் என்பது பெண்பிள்ளைகளின் இடர் மட்டுமன்று. வாசிகசாலை மாலை நான்கு முதல் ஏழு வரை. புடவைக்கடையிலும் சாப்பாட்டுக்கடையிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு எட்டு மணிக்குப் பின்னரே ஓய்வு. கடற்கரைக் குறிச்சிப் பிள்ளைகள் விடியுமுன் வலை தெரியப் போய், பகல் பத்துமணிக்கு ஓய்வடைகிறார்கள். அப்போது எமது கதவில் பூட்டு. ஆக, கதவு திறந்திருப்பதும் உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகளின் நேரத்துக்கே. சந்தா நிலுவைப் பட்டியலை விளம்பரப் பலகையில் ஒட்டும் வழக்கத்தையும் விட்டுவிடக் கேட்கிறோம். 2022-இல் விலைவாசி ஏறி அரிசியும் மண்ணெண்ணெயும் அரிதான காலத்தில் அப்பட்டியல் நீண்டது; பெயர் வந்தவர்களிற் சிலர் பின்னர் இந்த ஒழுங்கையாலேயே போவதில்லை. பிடியரிசி சேர்த்துப் பாடசாலை நடத்திய மரபிலே வந்தவர்கள் நாம். கடனைப் பலகையில் ஒட்டுவது அம்மரபைச் சேர்ந்ததன்று.

இனி மொழி. அரசாங்கத்தின் இளைஞர் பணிகள் எங்கே இருக்கின்றன என்று இப்பிள்ளைகளுக்குத் தெரியுமா எனக் கேட்டோம். 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்த தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்துக்குத் தலைமையகம் மகரகமையில், பிரதேச செயலகந்தோறும் அதன் பணியுண்டு, இளையோர் இளைஞர் கழகங்களிற் சேரலாம், தொழிற்பயிற்சியும் பெறலாம். இது தெரிந்தவர் வீட்டுத்திட்டத்தில் ஒருவர்கூட இல்லை. 1987-இலும் 1988-இலும் வந்த அரசியலமைப்புத் திருத்தங்களால் தமிழும் அரசகருமமொழியாயிற்று. எனினும் தெற்கிலிருந்து சிங்களத்தில் மாத்திரம் வரும் கடிதங்களை எம்மிடம் கொண்டுவந்து, "இதிலை என்ன கிடக்குது அண்ணை?" என்று கேட்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

மொழி தமிழரை மட்டும் வாட்டியது என்றும் எண்ணவேண்டாம். 1987 முதல் 1989 வரை தெற்கிலே சிங்கள இளைஞர் கிளர்ந்தெழுந்து பல்லாயிரவர் மாண்ட பின், அரசு ஓர் இளைஞர் ஆணைக்குழுவை நியமித்தது. 1990-இல் அதன் அறிக்கை வந்தது. கிராமத்துச் சிங்களப் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் "கடுவ" என்று அழைப்பதை அது கருத்திற்கொண்டது. கடுவ என்றால் வாள். நேர்முகப் பரீட்சையிலே தம்மை வெட்டி வீழ்த்தும் வாள். தெற்கின் இளைஞருக்கும் வடக்கின் இளைஞருக்கும் தீப்பிடித்த காரணங்கள் வெவ்வேறெனினும், வாசலில் நின்று திரும்பிய அனுபவம் இருவருக்கும் பொது.

மற்றவர் மொழியால் நாம் பட்டதைப் பேசும் நாமே எமது மொழியாற் செய்வதையும் சொல்லவேண்டும். 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின், மலையகத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வன்னிக்கு வந்து கிளிநொச்சி, வவுனியாப் பக்கங்களிற் குடியேறின. அவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் எமது வீட்டுத்திட்டத்திலும் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தும், வீட்டிற் பேசும் பேச்சின் ஓசை பாட்டனுடையது. நாவன்மைப் போட்டிக்கு வந்த அவர்களில் ஒரு பிள்ளையின் பேச்சைக் கேட்டு இந்த மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை கூறிய பொருளிற் பிழையில்லை. உச்சரிப்பு எங்கள் ஊர் உச்சரிப்பன்று, அவ்வளவே. நடுவர் புள்ளித் தாளில் "பேச்சு வழக்கு" என்று எழுதிப் புள்ளி குறைத்திருந்தார். எமது பேச்சு வழக்குக்கு எவரேனும் புள்ளி குறைத்ததுண்டா? எமது அறிவித்தல்களின் தமிழையும் பாருங்கள். "சைவ நன்மக்கள் அனைவரும் வருகை தந்து சிறப்பிக்குமாறு" என்று அச்சிடுகிறோம். எங்கே, எப்போது, காசு உண்டா, எவர் வரலாம் என்பவை சிறிய எழுத்தில் அடியிற் கிடக்கின்றன. இந்த உரையின் நடையும் அக்குற்றத்துக்கு முற்றிலும் விலக்கன்று. எமக்கு இப்படித்தான் எழுதவரும்.

இறுதியாக, பெரியோர்கள் சிலரின் மனத்தை வருத்தும் ஒரு பொருள். கணினி வகுப்புக்கும் ஆங்கில வகுப்புக்கும் கிறித்தவப் பிள்ளைகளும், முஸ்லிம் பிள்ளைகள் இருவரும் சேர விரும்புகிறார்கள். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதையும், போரின் பின் சில குடும்பங்களே மீண்டும் வந்திருப்பதையும் நீங்கள் அறிவீர்கள். "எல்லோரையும் சேர்த்தால் இது இந்து சங்கமாக இருக்குமா?" என்று கேட்கிறார்கள். இக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளவில்லை. சங்கத்தின் பெயரை மாற்றவேண்டும் என்றோ, மண்டபத்துப் பிள்ளையார் படத்தை எடுக்கவேண்டும் என்றோ எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. வகுப்பு தேவாரத்தோடுதான் தொடங்கும். பிற சமயப் பிள்ளை அப்போது மௌனமாக நிற்கலாம், அல்லது ஐந்து நிமிடம் பிந்தி வரலாம். அதற்கு வரவுப் பதிவிற் குறிப்பு வேண்டாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் பரீட்சை வைக்கவேண்டாம். எமது சாப்பாடு மரக்கறியாதலால் அங்கே எவர்க்கும் இடரில்லை. இந்த ஒரு விடயத்தில் எமது முன்னோர் எமது வேலையைச் சுலபமாக்கிவிட்டார்கள்.

அஞ்சுகிறவர்களுக்கு விபுலானந்த அடிகளை நினைவூட்டுகிறோம். 1892-இல் காரைதீவில் மயில்வாகனமாகப் பிறந்தவர் அவர். மட்டக்களப்பிற் புனித மிக்கேல் கல்லூரியிற் படித்தார். யாழ்ப்பாணத்திற் புனித பத்திரிசியார் கல்லூரியிற் படிப்பித்தார். இரண்டும் கத்தோலிக்கக் கல்லூரிகள். அவரிடம் சைவம் குறைந்துவிட்டதா? பின்னர் மானிப்பாய் இந்துக்கல்லூரியின் அதிபராகி, துறவு பூண்டு, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராயிருந்த காலத்திலும் அருகிலுள்ள திருவேட்களத்தில் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். அந்தப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தின் வாசலுக்கு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பிற சமயத்தார் வீட்டில் தண்ணீர் குடித்து வளர்ந்த ஒருவரை எமது சமயத்தின் அணிகலனாகப் போற்றும் நாம், எமது வீட்டில் ஒரு குவளை தண்ணீர் கொடுக்க ஏன் தயங்கவேண்டும்?

ஆகவே, இன்று மாலை உங்கள் முன் வரும் தீர்மானம் இது. யாப்பின் இரண்டு கையொப்ப விதியை நீக்கி, விண்ணப்பித்தவரே அங்கத்தவர் என ஆக்குவது. யாப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு வேண்டும் என்பதை அறிவீர்கள். சந்தாப் பட்டியலை நிறுத்துவதும், வாசிகசாலையைப் பகல் பத்துக்கும் இரவு எட்டுக்கும் திறப்பதும் நிருவாகசபையின் அதிகாரத்துக்குள் அடங்கும். இரவுக்கு இருவர் முறைவைத்துத் திறப்பு வைத்திருக்க முன்வந்திருக்கிறார்கள். பகலுக்கு இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரைத் தேடுகிறோம். இச்சபையில் இளைப்பாறிய ஆசிரியர்களுக்குக் குறைவில்லை என்பதைக் கவனித்தோம். சிங்களக் கடிதங்களை வாசித்து விளக்கவும் விண்ணப்பப் படிவம் நிரப்பவும் சனிக்கிழமை மாலையில் ஒரு மேசை போடப்படும். பாதைக்கு அப்பாலும் கடற்கரைக்கும் அறிவித்தலை ஒட்டிவிட்டு வருவது போதாது; வீடு வீடாகப் போகவேண்டும். ஆற்றை பிள்ளை என்று கேட்காமற் பேசத் தெரிந்தவர்களே போகவேண்டும்.

தீர்மானத்துக்கு எதிராக வாக்களிக்க எண்ணுபவர்களிடம் ஒன்று கேட்கிறோம். அவ்வாறு செய்ய உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. ஆயினும் வாக்களிக்குமுன் பாதையைக் கடந்து அந்தத் தாயாரின் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். நாமும் கூட வருகிறோம். தேநீர் நன்றாகத் தருவார்.

சாய்தள வேலை வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சிரமதானமாகத் தொடங்குகிறது. கைத்தொலைபேசி திருத்தும் தம்பி தம் நாற்காலியோடு வந்து அளவு பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அவர் சரியென்ற பின்னரே சீமெந்து குழைக்கப்படும். பழைய ஆறடியையும் உடைக்கவேண்டியிருக்கிறது. பெயர்க்கல்லைப் பக்குவமாகக் கிளப்ப அலவாங்கு இரண்டு தேவை. வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால் உதவியாயிருக்கும்.